இலட்சுமிப்பிள்ளையின் ஒற்றை வெடி

எண்பத்தாறாம் ஆண்டு ஆவணியில், புங்குடுதீவில் இலட்சுமிப்பிள்ளையின் புருசன் சரவணமுத்துவை இயக்கப் பெடியள் இரண்டு பேர் ஏகே துவக்கால் சுட்டார்கள். சைக்கிளை விட்டு இறங்கவும் விடவில்லை. நேவிக்குத் தகவல் கொடுத்தவர் என்று மட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டுப் போனார்கள். உடம்பில் பதினொரு காயம்.

சரவணமுத்து புகையிலைத் தோட்டக்காரர். நேவியைக் கண்டால் வேலிக்குள் பதுங்குகிற மனுசன். பொய்ச் சேதி சொன்னது பக்கத்துக் காணி ஆழ்வாப்பிள்ளை. எல்லை வேலியை அவர் இந்தப் பக்கம் தள்ளிப் போட்டதைச் சரவணமுத்து ஊர் விதானையாரிடம் முறையிட்டிருந்தார். அதற்குப் பிறகு ஆழ்வாப்பிள்ளை இரண்டு தரம் பெடியளின் முகாமுக்குப் போய்வந்ததை அவருடைய மச்சாள் அம்பிகையே வந்து சொன்னாள்.

இலட்சுமிப்பிள்ளையின் தம்பி வைத்திலிங்கம் வேறோர் இயக்கத்தில் இருந்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை வந்து, குசினிக்குள் அடுப்படியில் ஒரு சாக்கைப் பிரித்தான். உள்ளே புது ஏகே, எண்ணெய் மணந்தது.

"அக்கா, ஓமெண்டு சொல்லுங்கோ. அரை நிமிச வேலை."

அவள் அதைத் தொடவில்லை.

"உதை எல்லாரும்தான் வச்சிருக்கிறாங்கள். உதாலை சுட்டால் ஆர் சுட்டதெண்டு ஊர் பத்துக் கதை கதைக்கும். ஆழ்வாப்பிள்ளையும் ஏன் சாகிறன் எண்டு தெரியாமல் செத்துப்போவான். கொண்டுபோ, தம்பி."

அலுமாரிக்குப் பின்னால் சரவணமுத்துவின் இடியன் இருந்தது. குழல் வாய்வழியாக வெடிமருந்தை இடித்து நிரப்புகிற நாட்டுத் துவக்கு. லைசென்ஸ் துவக்குகளைப் பொலிஸ் வாங்கிக்கொண்டபோது, லைசென்சே இல்லாதபடியால் அது தப்பியது. அவர் முயலுக்குப் போகிற நாட்களில் மருந்தைக் காயவைத்து அளந்து கொடுத்தது அவள்தான். ஒரு தரத்துக்கு ஒரு வெடி. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டால் சரவணமுத்து வீட்டுத் துவக்கு என்று ஊரே சொல்லும். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, எல்லாரும் பார்க்க, அதைத் தோளில் வைத்துக்கொண்டு றோட்டால் நடந்தாள். ஆழ்வாப்பிள்ளை தோட்டக் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றார். பத்தடி தள்ளி நின்று குழலுக்குள் மருந்தைக் கொட்டினாள்.

"என்ன இலட்சுமி, என்ன செய்யிறீர்?"

"மருந்து போடுறன், அண்ணை."

தேங்காய்த் தும்பை வைத்துக் கம்பியால் இடித்தாள். அவர் ஓடியிருக்கலாம். பொம்பிளை சுடமாட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, ஈரச் சாறத்தோடு அப்படியே நின்றார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. பெடியள் பிழையாய் விளங்கிட்டாங்கள்."

ஈயக் குண்டுகளைப் போட்டாள். திரும்பவும் தும்பு, திரும்பவும் கம்பி. அவசரப்படவில்லை. அவருடைய முகம் வெளிறுவதைப் பார்த்துப் பார்த்து இடித்தாள்.

"வேலியைப் பழைய இடத்திலை போட்டுத் தாறன், பிள்ளை."

"அவர் என்னத்துக்காகச் செத்தவர் எண்டு இப்ப உங்கடை வாயாலையே சொல்லிப்போட்டியள்."

நெஞ்சுக்கு நேரே பிடித்த குழலை முழங்காலுக்கு இறக்கினாள். செத்தவனுக்கு நோகாது என்று அந்த நேரத்தில் பட்டதாம்.

வெடிச் சத்தத்துக்கு ஊர் திரண்டது. ஆழ்வாப்பிள்ளை மண்ணில் கிடந்து, தான் சொன்னது பொய் என்று எல்லாருக்கும் முன்னால் கத்தினார். பின்னேரம் பெடியள் வந்தார்கள். "நான்தான் சுட்டனான்," என்றாள். துவக்கைப் பறித்துக்கொண்டு போனார்கள். மட்டையில் எழுதியதற்கு ஒருவனும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆழ்வாப்பிள்ளைக்கு வலது கால் மடங்காமலே போய்விட்டது. அவர் தடியூன்றிக் கடைக்குப் போகிற நேரத்துக்கு அவள் கதிரையை எடுத்துவந்து வேலிப் படலையடியில் போட்டு, அவரைப் பார்த்தபடி இருப்பாள். ஐந்து வருசம் அப்படி.

தொண்ணூற்றோராம் ஆண்டு ஆமி தீவுக்குள் வர, சனம் யாழ்ப்பாணப் பக்கம் ஓடியது. அகதிகள் தங்கிய பள்ளிக்கூடத்தில் அவர் படுத்த வகுப்பறையைத் தேடிப்போய், எதிர்ச் சுவரோடு தன் பாயை விரித்தாள். "வேறை இடமிருக்கு, அக்கா," என்றார்கள். "எனக்கு இந்த இடமே காணும்," என்றாள்.

இரண்டு வருசத்தில் அந்தக் கால் புண்வைத்து அவர் செத்தார். அவள் செத்தவீட்டுக்குப் போய், தலைமாட்டில் நின்று முகத்தை வடிவாகப் பார்த்தாள். வெளியே வந்தபோது, இப்ப மனம் ஆறிச்சோ என்று அம்பிகை கேட்டாள்.

"இல்லை," என்றாள் இலட்சுமிப்பிள்ளை. "அந்தாள் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்கலாம்."