குட்டை கூப்பிட்ட பாதை

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாசற்படியில் தலை இடிக்கிற உயரம். கம்பெனியில் அவரை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவரோடு ஜோடியாக வேலை பார்த்தவர் குட்டை. இருவரும் நகமும் சதையும். கல்யாணமான புதிதில் அக்கா என்னிடம் புலம்புவாள்: "நான் ரெண்டாந்தாரம்டி. மூத்த சம்சாரம் குட்டையண்ணன்."

லிஃப்ட் வேலை இரண்டு பேர் வேலை. ஒருவர் கூண்டின் தலைமேல் நிற்பார், இன்னொருவர் கீழே குழிக்குள் இருப்பார். நடுவில் இருட்டு. "இருக்கியாடா?" என்று மாமா கேட்பார். "இருக்கேன், வா" என்று குட்டை சொல்வார். ஆனால் அந்த நாலு சுவருக்குள் குரலை நம்பக் கூடாதாம். கீழே பேசினால் காதோரம் பேசுகிற மாதிரி இருக்குமாம். அதனால் ஸ்பேனரால் இரும்பில் தட்டுவார்கள். இரண்டு தட்டு என்றால் நகர்த்து, ஒரு தட்டு என்றால் நில். ஒரு தட்டு கேட்ட பிறகும் அசைகிறவன் மெக்கானிக்கே இல்லை என்பது மாமாவின் கட்சி. குட்டைக்குக் குடும்பம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். அங்கும் இதே பேச்சு. "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தும்மா தங்கச்சி" என்று குட்டை தட்டை நீட்டுவார். அக்கா கொட்டாவி விட்டபடி பரிமாறுவாள்.

போன மழைக்காலத்தில் குட்டைக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி வாசல்வரைதான் போக முடிந்தது.

மாமா அழவில்லை. அவர் எப்போதுமே கல்லுளிமங்கன். ஆனால் வீட்டில் இருட்டான அறைக்குள் நுழையும்போதெல்லாம் வாசலில் நின்று "இருக்கியாடா?" என்று கேட்க ஆரம்பித்தார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருந்துதான் விளக்கைப் போடுவார்.

"பழக்க தோஷம்னு விட்டேன்டி. அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். பதில் வரும்னு நிக்கிறார். ஒரு நாள் வந்துட்டா இந்த மனுஷன் போயிடுவார்டி" என்றாள் அக்கா.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. செத்தவருக்கு இருக்கிற மரியாதை கட்டின பெண்டாட்டிக்கு இல்லையா? "கம்பெனியில லீவு போடச் சொல்லு. லிஃப்டே இல்லாத இடமாப் பார்த்துக் கூட்டிட்டுப் போ" என்று நான்தான் கிளப்பிவிட்டேன்.

ஒரு மலையடிவாரத்தில் ஓட்டு வீடு ஒன்றின் முன்னறையை வாடகைக்குப் பிடித்தார்கள். ஒரு நாள் நடை, ஒரு நாள் தூக்கம் என்பது அக்கா போட்ட சட்டம். தூங்குகிற நாட்களில் வெயில் கட்டிலுக்கு வந்தபிறகுதான் எழுந்திருப்பார்கள். டீ, சீட்டு, மறுபடியும் தூக்கம். சும்மா இருக்கத் தெரியாத மாமா, கிறீச்சிட்ட கதவுக்கு எண்ணெய் போட்டார், ஆடின நாற்காலியை முடுக்கினார். ஏறுகிற நாட்களில் குழந்தை மாதிரி முன்னால் ஓடினார். அக்கா போனில் சிரித்த சிரிப்பைக் கேட்டு, என் யோசனைக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அப்படி ஒரு சோம்பல் நாளில் அக்கா குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தாள். வெளியே மாமாவின் பேச்சுக் குரல். அவருக்கு எதிரே அந்த நாற்காலி, காலியாக.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்ட மாதிரி சிரித்தார்.

"யார்கிட்ட பேசுறீங்க?"

"உன்கிட்டதான். இவ்வளவு நேரம் இங்கதானே உக்கார்ந்திருந்தே?"

அக்காவின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். சீட் சூடாக இருந்தது என்று என்னிடம் சொன்னாள். வெயில் பட்டிருக்கும் என்றேன். அந்தப் பக்கம் வெயிலே வராதுடி என்றாள்.

மறுநாள் நடை. போக வேண்டாம் என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மாமா ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தனியாக அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

அது மலைச்சரிவை ஒட்டிப் போகிற ஒற்றையடிப் பாதை. பள்ளத்துப் பக்கம் இரும்புக் குழாயில் கைப்பிடி போட்டிருந்தார்கள். பாதி தூரத்தில் அக்காவின் செருப்புக்குள் கல் புகுந்தது. குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் பனி மூடிவிட்டது. நீட்டின கையே தெரியவில்லை. முன்னால் போன மாமாவைக் காணோம்.

அதற்குப் பிறகு நடந்ததை மாமாவே எனக்குச் சொன்னார்.

"உங்க அக்கா பின்னாடி வர்றாளான்னுதான் 'இருக்கியா?'ன்னு கேட்டேன். 'இருக்கேன், வா'ன்னு முன்னாலேர்ந்து பதில் வந்துச்சு. அவன் குரல்."

"பயமா இல்லையா மாமா?"

"பயமா? அப்பாடான்னு இருந்துச்சும்மா."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் பார்க்க முடியவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாராம். "வா, வா" என்று குரல் இன்னும் கிட்டத்தில் கேட்டதாம். அப்போது அவர் கைக்குள் இரும்பு அதிர்ந்தது. டங்கென்று ஒரே ஒரு தட்டு. மூளை போகச் சொன்னது, கால் நின்றுவிட்டது. அத்தனை வருஷப் பழக்கம்.

காற்று பனியைக் கொஞ்சம் விலக்கியது. அடுத்த அடிக்குப் பாதை இல்லை. மழையில் மண் சரிந்து, கைப்பிடிக் குழாய் மட்டும் வெறும் வெளியில் நீட்டிக்கொண்டிருந்தது.

இப்போது மாமா வேலைக்குப் போகிறார். புதுக் கூட்டாளியைத் திட்டுகிறார், அதாவது தேறிவிட்டார். இருட்டறை வாசலில் நிற்பதில்லை. தட்டினது குட்டைதான், உயிர்போன பிறகும் என்னைக் காப்பாற்றினான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக் கண்கலங்குகிறார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

போன வாரம் அக்காவோடு துணி மடித்துக்கொண்டிருந்தேன். "குட்டையண்ணன் புண்ணியத்துல உன் புருஷன் தப்பிச்சார்" என்றேன்.

அக்கா கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"தட்டினது நான்டி. கீழே கிடந்த கல்லை எடுத்துக் குழாயில ஓங்கித் தட்டினேன்."

"நீயா? பாதை இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பாதை யாருக்குடி தெரியும்? அண்ணன் கூப்பிட்டது எனக்கும் கேட்டுச்சு. நான் கத்தினா அவர் திரும்ப மாட்டார்னு தெரியும். என்னைக்கு என் குரலுக்கு நின்னிருக்கார்?"

மடித்து வைத்த துணியையே நான் மறுபடி பிரித்துக்கொண்டிருந்தேன்.

"தட்டினதும் அவர் நின்னுட்டார். அப்புறம் என் காதுகிட்டவே கேட்டுச்சு. 'விடும்மா தங்கச்சி'ன்னு. கெஞ்சுற மாதிரி."

"நீ என்ன சொன்னே?"

"'மாட்டேண்ணே'ன்னேன்."

மாமாவின் சட்டையை எடுத்து, காலரை நீவி, மெதுவாக மடித்தாள்.

"அவர்கிட்ட சொல்லிடாதே. அதுக்கப்புறம் அண்ணன் பேசவே இல்ல. பாவம்டி, அந்தக் குளிர்ல தனியா நின்னிருப்பார்."