எட்டுப் பெட்டித் தேனீ

அன்றைக்கு அங்கன்வாடியில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுத் தேனீக்கார அக்கா, சமரசம் பேச வந்த டீச்சர், கட்டிடத்தின் சாவி வைத்திருந்த ஆயா. அக்கா சொந்தக்காரர்களைக் கூட்டி வந்துவிடுவாளோ என்று பயந்து வாசலில் கிடந்த செருப்புகளை இரண்டு தரம் எண்ணினேன். ஐந்து சோடிதான்.

புதுக்கடை ஊருக்குப் பக்கம் முப்பது சென்ட் நிலத்தைக் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்துப் பாகல் போட்டிருந்தேன். பூ வந்த வாரம் ஓர் இலையில் புழுவைக் கண்டேன். மருந்துக்கடைக்காரர் சாயங்காலம் அடிக்கச் சொல்லித்தான் தந்தார். சாயங்காலத்துக்குள் கொடி முழுக்கத் தின்றுவிடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. காலை ஒன்பது மணிக்கே அடித்தேன். எல்லாப் பூவிலும் தேனீ இருந்தது. அடிக்கும்போதே பார்த்தேன், ஆனாலும் கை நிற்கவில்லை.

நிலத்துக்குப் பின்பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அக்கா வைத்திருந்த பெட்டிகளில் எட்டு இரண்டே நாளில் செத்தன. மாசி மாதம் அது. ரப்பர் தளிர்த்துத் தளிரில் தேன் ஊறுகிற அந்த ஒன்றரை மாதத்தில் கிடைப்பதுதான் அவளுக்கு ஆண்டு முழுவதற்குமான தேன். அவள் ஸ்டேஷனில் மனு கொடுத்தாள். வழக்கு எழுதுவதற்கு முன் ஒரு தடவை உட்கார்ந்து பேசிப் பாருங்கள் என்று அங்கே சொன்னார்கள். பேச்சு முறிந்தால் வழக்குதான். குழித்துறைக் கோர்ட்டுக்கு எந்த பஸ், எந்தப் படியில் ஏற வேண்டும் என்றெல்லாம் நான் முன்னமே விசாரித்து வைத்திருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அங்கே ஒரு கேள்வி கேட்டால் எனக்கு வாய் எழும்பாது.

அதைவிட இன்னொன்று உறுத்தியது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எத்தனையோ வருடமாக என்னை ‘ஏட்டி’ என்று கூப்பிட்டவள், இப்போது மற்றவர்களிடம் ‘அந்தப் பொம்பள’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளின் குட்டி நாற்காலிகள்தான் அங்கே இருந்தன. முழங்கால் நெஞ்சில் இடிக்க எல்லோரும் உட்கார்ந்தோம். யார் தப்பு என்று டீச்சர் கேட்கவே இல்லை. மற்றவருக்கு என்ன நடந்தது என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும். அந்த மற்றவர் ‘அதுதான்’ என்கிற வரைக்கும் சொல்ல வேண்டும் என்றார். முதலில் நான்.

எட்டுப் பெட்டி போய்விட்டது என்றேன்.

“அதில்ல,” என்றாள் அக்கா, சுவரில் வரைந்திருந்த யானையைப் பார்த்துக்கொண்டு.

ஒரு வருடத்துத் தேன் போயிற்று, வருமானம் போயிற்று என்றேன்.

“அதில்ல.”

டீச்சர் உதவிக்கு வருவார் என்று பார்த்தேன். தெரியாவிட்டால் அவரிடமே கேளுங்கள் என்றார். மனு கொடுத்த பிறகு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்து, “பின்ன என்னக்கா?” என்றேன்.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். தினமும் காலையில் மூடியைத் திறப்பதற்கு முன் பெட்டியில் காதை வைப்பாளாம். அன்றும் வைத்தாள். ஏழு பெட்டியில் சத்தமே இல்லை. எட்டாவதில் லேசாக ஏதோ கேட்டது. திறந்தால், ஒரு பிடி தேனீயோடு ராணி அடைமேல் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தது. “எனக்கு ஒண்ணும் செய்ய முடியல. மூடி வச்சிட்டு வந்தேன். பின்ன நான் தெறக்கல.”

காது வைத்ததையும், ஏழு பெட்டியையும், ராணியையும், மூடி வைத்ததையும் நான் திரும்பச் சொன்னேன். அக்கா யானையை விட்டு என்னைப் பார்த்தாள்.

“ம். அதுதான்.”

அடுத்தது அவள் முறை. எனக்கு நடந்ததை அவள் சொல்ல வேண்டும். யோசிக்கக்கூட இல்லை அவள்.

“இவ பேடிக்காரி டீச்சர். வானம் வெளுத்துக் கிடக்கும், இவ மழை வருகுண்ணு துணிய எடுப்பா. பாட்டத்துக்கு வளையல வச்சவ. ஒரு புழுவக் கண்டா இவளுக்குப் பத்தாயிரம் புழு. சாயங்காலம் வரைக்கும் இவளால இருக்க முடியாது. எனக்க தேனீயக் கொல்லணும்ணு இவ நினைக்கல. நினைக்க நேரம் வேண்டாமா?” பிறகு என் பக்கம் திரும்பினாள். “சரிதானா ஏட்டி?”

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வளையலை அடகு வைத்ததை நான் அவளிடம் சொன்னதே இல்லை. என்னைப் பெற்றவர்களும் கட்டியவரும் என்னை இப்படி முழுசாகச் சொன்னதில்லை. எட்டுக் கூட்டைக் கொன்றவளை, அந்தக் கோபத்துக்கு நடுவிலும், இவள் இப்படி எப்படிப் பார்த்து வைத்திருந்தாள்? “அதுதான்” என்றேன், இப்போது நான் யானையைப் பார்த்துக்கொண்டு.

நஷ்டத்துக்கு அக்கா கேட்ட பணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். குறைக்க மாட்டேன் என்றாள். ஒரு கூட்டுக்கு ஆயிரத்தைந்நூறு, எட்டுக்குப் பன்னிரண்டாயிரம். மாதம் ஆயிரமாகத் தந்தால் போதும். மருந்து அடிப்பதற்கு முந்தின நாள் ஒரு குரல் கொடுக்க வேண்டும். “பைசா நீயே கொண்டு வரணும். இவரிட்ட குடுத்து விடாத.” டீச்சர் இதையெல்லாம் எழுதித் தந்த தாளை மூன்று தடவை எழுத்துக் கூட்டி வாசித்த பிறகே கையெழுத்துப் போட்டேன். அக்கா மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

முதல் தவணை கொண்டுபோன அன்று, உயிரோடிருந்த ஒரு கூட்டிலிருந்து புதிதாகப் பிரித்து வைத்த பெட்டியில் என்னைக் காது வைக்கச் சொன்னாள். கொட்டுமோ என்று பயந்து பயந்துதான் குனிந்தேன். பலகை சூடாக இருந்தது. உள்ளே தூரத்து மழை போல ஓர் இரைச்சல். ஆயிரக்கணக்கான உயிர் என் கன்னத்துக்கு ஒரு பலகை தள்ளி இருந்தது. மூச்சுவிடவே மறந்து நின்றேன்.

அதன்பின் ஒவ்வொரு மாதமும் பணம் கொடுத்துவிட்டுக் காது வைக்காமல் நான் திரும்பியதில்லை. சென்ற மாதம் பாகல் நல்ல விலைக்குப் போனதால் மீதி நாலாயிரத்தையும் மொத்தமாகக் கொண்டுபோனேன். கடன் தலையில் இருந்தால் எனக்கு உறக்கம் வராது. அக்கா அதில் ஆயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை என் முந்தானையில் முடிந்துவிட்டாள்.

“அடுத்த மாசம் வா, ஏட்டி.”

இன்னும் கொடுக்க வேண்டியது மூவாயிரம் ரூபாய்.