ஒருவரைக் கடலில் குளிப்பாட்டிய செலவு

எனக்குப் பயம் அதிகம். ஸ்கூட்டியில் போகும்போது பின்னால் பஸ் வந்து ஹோர்ன் அடித்தால் உள்ளங்கை வியர்க்கும். மேலதிகாரி கூப்பிட்டனுப்பினால், என்ன பிழை விட்டேன் என்று யோசித்துக்கொண்டே அவருடைய அறைக்குப் போவேன். இப்படிப்பட்ட ஒருத்தியிடம் அந்த வேலையை ஏன் கொடுத்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிரதேச செயலகம் ஒன்றில் நான் அபிவிருத்தி உத்தியோகத்தர். எங்கள் வழக்கமான வேலையில் யோசிக்க அதிகம் இல்லை. மேலிருந்து என்ன வருகிறதோ அதைக் கொடுப்போம். சக்கர நாற்காலி வந்தால் சக்கர நாற்காலி, மலசலகூடம் கட்டப் பணம் வந்தால் மலசலகூடம். யாருக்கு முதலில் என்றுதான் பார்ப்போமே தவிர, இது உங்களுக்கு வேண்டுமா என்று யாரையும் கேட்பதில்லை. ஒரு வருடத்துக்கு மட்டும் இதைத் தலைகீழாகச் செய்து பார்க்கச் சொன்னார்கள். சில வீடுகளுக்குப் போய், அந்த ஆளோடு உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். சமூக சேவை, சுகாதாரம், பிரதேச சபை என்று ஒவ்வோர் இடத்திலும் கிடக்கிற சில்லறை உதவிகளை அந்தத் தேவைக்கு ஏற்றபடி சேர்த்துக் கொடுக்க வேண்டும். வருட முடிவில் இதற்கு என்ன செலவானது, என்ன பயன் கிடைத்தது என்று அளந்து காட்ட வேண்டும்.

எனக்குத் தந்த வீடுகளில் ஒன்று மருதமுனையில், கடலுக்குப் போகும் குறுக்கு வீதி ஒன்றில் இருந்தது. அங்கே இருந்தவர் ஒரு மேசன். முப்பது வயதைத் தாண்டியவர். மேல்மாடிக்குப் பூச்சு வேலை செய்யும்போது சாரம் சரிந்து விழுந்து முதுகெலும்பு உடைந்துவிட்டது. கைகள் வேலை செய்யும். நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. சிறுநீர் ஒரு குழாய் வழியாகப் பைக்குள் இறங்கும். அவருடைய மூத்த சகோதரிதான் அவரைப் பார்த்துக்கொண்டார். தம்பி கூப்பிடுவதைக் கேட்டு நானும் அந்தப் பெண்ணை ராத்தா என்றே கூப்பிடத் தொடங்கினேன்.

முதல் நாள் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"தாறதுக்கு என்ன இரிக்கி? அதச் சொல்லுங்க மிஸ். நான் ஓம் எண்டு சொல்றன்" என்றார்.

அடுத்த தடவையும் அதே பதில்தான். அதற்கடுத்த தடவை நான் கேட்கவேயில்லை. ராத்தா தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பப் பார்த்தேன். அப்போது அவராகவே சொன்னார்.

"எனக்குக் கடல்ல குளிக்கணும்."

நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். வாசலில் நின்ற ராத்தா, "இவனுக்கு விசர். நீங்க எழும்புங்க மிஸ்" என்றார்.

"கேட்டீங்கதானே, சொல்லிட்டன்" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "விழுந்த நாள்லேந்து துணியால தொடைக்கிறதுதான் குளிப்பு. ஒரு மேசயத் தொடைக்கிற மாதிரி. கடல் சத்தம் ராவெல்லாம் இந்த யன்னலால கேக்குது மிஸ்" என்றார்.

என் பயம் அன்றைக்கே தொடங்கியது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நான் கடலில் கால் நனைத்ததில்லை. உறவினர்கள் கடற்கரைக்குப் போனால் பாய் விரித்த இடத்தை விட்டு நகர மாட்டேன். அந்தக் கடலுக்குள், தன் உடம்பின் முக்கால்வாசி எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒருவரை நான் இறக்க வேண்டும். முடியாது என்று அவரே சொல்லிவிட்டால் நல்லது என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. எங்கள் அதிகாரி சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவரும் சொல்லவில்லை.

"செய்யலாம் மிஸ். கேட்டதக் குடுக்கிறதுதானே திட்டம்" என்றார் அதிகாரி. "ஆனா ஆளுக்கு ஏதும் நடந்தா பதில் சொல்றது ஆரு?"

"நான்" என்றேன். அந்தச் சொல் எப்படி வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை.

வாடைக் காலம் முடிந்து கடல் அடங்கும்வரை காத்திருந்தோம். அந்த மாதங்களில் நான் மழை நிற்கக் கூடாது என்றுகூட நினைத்திருக்கிறேன். சித்திரையில் கடல் குளம் மாதிரி ஆனது. காரைதீவைச் சேர்ந்த ஒரு பிசியோதெரபிஸ்ட் உதவிக்கு வரச் சம்மதித்தார். அவர் முதலில் வீட்டுக்கு வந்து ராத்தாவையும் என்னையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"அக்கா, மிஸ், ரெண்டு பேரும் கேளுங்க. இவருக்கு முகம் சிவந்து, தலையால வேர்த்து ஊத்தி, தலையிடி எண்டு சொன்னா உடன கவனிக்கணும். கீழ எங்கயோ ஏதோ அடைக்குது, இல்லாட்டி இறுக்குது எண்டு அர்த்தம். இவருக்கு அது விளங்காது, உடம்புக்கு விளங்கும். பிரஷர் சரசரவெண்டு ஏறும். விட்டா உயிருக்கு ஆபத்து."

நான் தலையாட்டினேன். அவர் சொன்னதில் கடைசி வார்த்தை மட்டும்தான் என் காதில் நின்றது.

கடலுக்குப் போகிற நாள் விடிகாலையில் ஒரு வேன் பிடித்தோம். கரைவலை இழுக்கிற நாலு பேர் உதவிக்கு வந்தார்கள். மேசனுக்கு உயிர்காப்பு அங்கியை மாட்டி, கால்களுக்கிடையே வருகிற பட்டியையும் இழுத்துப் பூட்டினார்கள். பிளாஸ்டிக் கதிரையில் அவரை வைத்துத் தூக்கிக்கொண்டு நால்வரும் நடந்தார்கள். நான் ஈர மணலின் விளிம்புவரை போய் நின்றேன். ராத்தா எனக்குப் பின்னால், பர்தாவின் நுனியைப் பல்லில் கடித்தபடி நின்றார்.

தண்ணீர் அவருடைய முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நான் அந்த நால்வரின் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கை நழுவினால் என்ன செய்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. பிறகு ஒரு சின்ன அலை வந்து, உணர்வுள்ள அவருடைய தோளில் ஏறியது.

"அந்தா, வந்திட்டு" என்றார் அவர்.

இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தார். தலையைப் பிடித்து முக்கச் சொன்னார். முக்கினார்கள். வாயிலிருந்து உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு ஒரு சத்தம் போட்டார். அது சிரிப்பா அழுகையா என்று கரையில் நின்ற எனக்குத் தெரியவில்லை. பிசியோதெரபிஸ்ட் இடுப்பளவு தண்ணீரில் நின்று கைதட்டினார். நானும் ஒரு நிமிடம் பயத்தை மறந்திருப்பேன்.

எல்லாம் முடிந்து வேனில் ஏற்றினோம். பிசியோதெரபிஸ்ட் வேலைக்கு நேரமாகிறது என்று மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுவிட்டார். குளிருது, அங்கி இருக்கட்டும் என்று மேசன் சொன்னதால் அதைக் கழற்றவில்லை. துவாயைப் போர்த்திவிட்டோம். வேன் மணல் பாதையை விட்டு வீதியில் ஏறும்போது, "தல இடிக்கிது" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். முகம் செங்கல் நிறமாக இருந்தது. துவட்டிய தலையிலிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"வெயில்தான்" என்றார் ராத்தா.

நான் டிரைவரிடம் ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன். சொல்லிவிட்டுப் பின்னால் தாவி, அவரைச் சீட்டில் சாய்த்துப் படுக்க வைக்கப் பார்த்தேன். மயங்குகிற ஆளைப் படுக்க வைப்பதுதானே நமக்குத் தெரிந்தது. அவர் என் கையைப் பிடித்துத் தள்ளினார்.

"படுக்க வெக்காதீங்க. நிமித்துங்க. குழாயப் பாருங்க."

பாண்டிருப்பில் பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரம். வேன் நின்றுவிட்டது. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் எங்களுக்கு முன்னால் வீதியைக் கடந்துகொண்டிருந்தார்கள். டிரைவர் ஹோர்னை அழுத்திக்கொண்டே இருந்தார். ராத்தா அவருடைய தலையை நெஞ்சோடு அணைத்து நிமிர்த்திப் பிடித்தபடி கலிமாவைச் சொல்லத் தொடங்கினார். மௌத்தாகப் போகிறவரின், உயிர் பிரியப்போகிற ஆளின் காதில்தான் அப்படிச் சொல்வார்கள்.

"பை எங்க? பை எங்க ராத்தா?"

பை தொடையில் ஒட்டியபடி இருந்தது. அதில் ஒன்றும் இல்லை. குழாயைக் கையால் தடவிக்கொண்டே மேலே போனேன். ஒரு அந்நிய ஆணின் உடம்பு என்ற நினைப்பு அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. அங்கியின் பட்டிக்கு அடியில் குழாய் மடிந்து நசுங்கிக் கிடந்தது. பூட்டைக் கழற்ற விரல் வரவில்லை. வழுக்கியது. இழுத்தேன், திருகினேன், பல்லால் கடித்தேன். எப்படித் திறந்தது என்று இப்போதும் நினைவில்லை. பட்டி விட்டதும் குழாய் நிமிர்ந்தது. பைக்குள் மஞ்சளாகத் தண்ணீர் இறங்கியது.

பிள்ளைகள் கடந்து முடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது அவருடைய முகத்தில் சிவப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. டொக்டர் பார்த்துவிட்டு, நேரத்துக்குக் கண்டுபிடித்தீர்கள் என்றார். ஒரு நாள் வார்ட்டில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

எனக்கு அது அங்கே முடியவில்லை. பின்னேரமே கதை ஊரில் பரவிவிட்டது. ஒபிசில வேல செய்யிற பொம்புள ஒத்தி நடக்கேலாத மனிசன கடல்ல எறக்கி மௌத்தாக்கப் பாத்த என்று யாரோ பேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். கரையில் நிற்கிற என் முதுகுப் படமும் இருந்தது. கடைக்குப் போகப் பயந்தேன். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் போனைக் கவிழ்த்து வைத்தேன். வேலை போய்விடும் என்ற பயத்தை விட, என் நினைப்பில் அந்தப் பூட்டு திறக்காமலே இருக்கிற பயம்தான் பெரிதாக இருந்தது. சோறு பிசையும்போதும் என் விரல்கள் அதைத் திருகின.

வருட முடிவில் திட்டத்தை அளக்க, மாவட்டச் செயலகமான கச்சேரியிலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்தார். நிதானமான மனிதர். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, செலவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். வேன் கூலி, ஆட்களின் சம்பளம், அங்கி. அதெல்லாம் லேசாக எழுதக்கூடியவை. பயன் என்று வந்தபோது தடுமாறினேன். அதற்கு முந்திய வருடம் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் அவர் பலமுறை ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்த வருடம் நாங்கள் மெத்தை மாற்றி, தாதியை வீட்டுக்கே வரச் செய்ததால் ஒரு தடவைதான் போனார். அந்த ஒரு தடவையும் நாங்கள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"அப்ப அது செலவுப் பக்கமா, பயன் பக்கமா மிஸ்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

ஆளையே கேட்போம் என்று அவரை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

"திரும்பவும் கடலுக்குப் போகக் கேப்பீங்களா?" என்றார் உத்தியோகத்தர்.

"நாளைக்கு எண்டாலும் போவன்" என்றார் மேசன். "விழுந்த பொறகு எனக்கு நடந்த ஒரே ஒரு நல்ல காரியம் சேர் அது."

எனக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரம்தான். உள்ளேயிருந்து ராத்தா வந்து கட்டிலின் தலைமாட்டில் நின்றார்.

"அவனக் கேட்டீங்க. என்ன ஒத்தரும் கேக்கல்ல" என்றார். அவர் சத்தம் போடவில்லை. "கடல்ல அவன்ட முகத்த நானும் பாத்தன். அப்பிடி அவன் சிரிச்சி எவ்வளவு காலம். அது பொய்யில்ல. ஆனா அந்த வேனுக்குள்ள அவன் மௌத்தாப் போயிருந்தா ஒங்கட கணக்கில ஒரு ஆள் குறையும். எனக்கு ஆரு இரிக்கி?"

குடும்பத்தினருக்கு மகிழ்ச்சி என்று பயன்களில் ஒன்றாக நான் எழுதி வைத்திருந்தேன். அதை எழுதும்போது இந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று உத்தியோகத்தர் கேட்டார்.

ராத்தா கட்டில் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றார். "ஒரு ராவு முழுசா நித்திர" என்றார். "இவனப் பொரட்டிப் பொரட்டி விடணும், இல்லாட்டி புண் வரும். விழுந்த நாள்லேந்து நான் இடையில எழும்பாம படுத்ததில்ல."

அவருடைய தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திட்டத்தை இன்னொரு வருடம் நடத்தலாம் என்று அறிக்கை வந்தது. வீடுகளின் தொகையைக் குறைத்தார்கள். பராமரிக்கிறவரையும் ஓர் ஆளாகக் கணக்கெடுக்க வேண்டும், பயிற்சி பெற்ற ஒருவர் கூட இல்லாமல் நோயாளியை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். என்மேல் நடவடிக்கை இல்லை. இரவில் சில நாட்கள் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆண் உதவியாளரை வைத்தோம். அதற்கான செலவு கடலுக்குப் போன செலவைவிடக் கூட. எங்கள் அதிகாரி முணுமுணுத்துக்கொண்டுதான் கையெழுத்து வைத்தார். அடுத்த சித்திரையில் மேசன் மறுபடியும் கடலுக்குப் போனார், இந்த முறை பிசியோதெரபிஸ்ட் வீடுவரை கூடவே வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கும் நான் ஈர மணலின் விளிம்பிலேயேதான் நின்றேன்.

ஆனால் இதையெல்லாம் நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது, உதவியாளர் முதன்முதலாக அங்கே தங்கிய அடுத்த நாள் காலை. தை மாத மழை. வேலைக்குப் போகிற வழியில் அந்த வீட்டில் இறங்கினேன். எந்த நேரமும் திறந்து கிடக்கிற முன்கதவு பூட்டியிருந்தது. தட்டினேன். சத்தமில்லை. ராத்தா என்று கூப்பிட்டேன். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. புது ஆள், தெரியாத ஆள், குழாயைப் பற்றிச் சரியாகச் சொல்லிக்கொடுத்தோமா? இரண்டு கையாலும் கதவில் அடித்தேன்.

உதவியாளர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

"மெதுவா மிஸ். ராத்தா இன்னம் எழும்பல்ல."

அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மேசன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, முழித்திருந்தார். என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். உள்ளறையில் பாயின் மேல் ராத்தா சுருண்டு கிடந்தார். விடிகாலை சுபஹ் தொழுகை தவறியிருந்தது. நான் கதவில் அடித்த சத்தம் அப்போதுதான் எட்டியதுபோல் கண் விழித்து, வெளிச்சத்தைப் பார்த்ததும் துடித்து எழும்பினார்.

"தம்பிக்கு என்ன? என்ன நடந்த?"

"ஒண்டும் நடக்கல்ல, படு" என்றார் மேசன்.

ராத்தா படுக்கவில்லை. ஓடிவந்து தம்பியின் முதுகைத் தடவிப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நனைந்த உடுப்போடு வாசற்படியிலேயே உட்கார்ந்தேன்.