தலைவர் அன்று ஏன் பின்வாங்கவில்லை

செய்தி வந்தபோது பூச்சோங்கில் ஒரு வீட்டு மாடியறையில் ஏணிமேல் நின்று ஏர்கோன் குளிரூட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்; அதுதான் என் பிழைப்பு. கைப்பேசி விடாமல் அடித்தது. இறங்கி எடுத்தால் என் நண்பர் சேவியரின் மனைவி கிரேஸ். "பரமா, அவரு போயிட்டாரு" என்றார். காலையில் ஷா ஆலம் தொழிற்சாலைக் கிடங்குக்கு வேலைக்குப் போன மனிதர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தேழு. நான் அந்த ஏர்கோனைப் பாதியில் விட முடியாமல் முழுதும் கழுவி மாட்டிவிட்டுத்தான் கிள்ளானுக்குக் கிளம்பினேன். என்ன கழுவினேன், எப்படி மாட்டினேன் என்பதெல்லாம் நினைவில் இல்லை.

நேரில் எங்களுக்குள் வாடா போடாதான். எழுத்தில் 'அவர்' போடுகிறேன். போடாவிட்டால் தலைவர் கோபித்துக்கொள்வார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மண்டபம் மண்டபமாக மல்யுத்தக் காட்சி நடத்தும் எங்கள் சிறு குழுவைப் பார்த்தவர்களுக்குத் 'தலைவர்' யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ரிங்கில் சேவியர் போட்ட வேடம்தான் தலைவர். எங்கள் ஆட்டத்தில் யார் வெல்வார் என்பது முன்கூட்டியே முடிவானது. அது ரசிகர்களுக்கும் தெரியும். தெரிந்தும் அவர்கள் வந்து தொண்டை கிழியக் கத்துவதற்குக் காரணம், சண்டைக்கு முன் மைக்கைப் பிடித்து எதிராளியை வம்புக்கு இழுக்கும் அந்தப் பேச்சு. புரோமோ என்போம். அதில் சேவியரை மிஞ்ச ஆளில்லை.

அன்று மாலைக்குள் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் குவிந்துவிட்டது. அவர் பேசிய வசனங்களை எல்லோரும் போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் இப்படி எழுதியிருந்தார்: பெரிய பேச்சாளர், ஆனால் பிரிக்பீல்ட்ஸ் காட்சியில் பொறாமைப்பட்டு நண்பனின் புரோமோவைக் கெடுத்ததை மறக்க முடியவில்லை. அதற்குக் கீழே பலர் ஆமாம் போட்டிருந்தார்கள். அந்த நண்பன் நான்தான். அன்று என்ன நடந்தது என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். இப்போது ஒருவனுக்கு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சேவியர் ஆரம்பத்தில் முகமூடி போட்டுக்கொண்டு பேயாக வந்தார். யாரும் பயப்படவில்லை. ஒரு கல்யாண விருந்தில் ஏதோ ஒரு சங்கத்தின் தலைவர் முக்கால் மணி நேரம் வாழ்த்திப் பேச, ஐந்நூறு பேர் பசியோடு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்றோடு பேயைக் கைவிட்டார். அடுத்த காட்சிக்குக் கோட்டும் சூட்டுமாக, தன் மாலையைத் தானே வாங்கிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு ரிங்குக்குள் வந்தார். தனக்குத் தானே பொன்னாடை போர்த்திக்கொண்டார். மைக்கை மூன்று முறை தட்டினார். வராத பிரமுகர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வரவேற்றார். ஐந்தாவது நிமிடத்தில் மண்டபமே எழுந்து "உக்காரு" என்று கத்தியது. "இன்னும் ரெண்டே ரெண்டு வார்த்தை" என்று கையைக் காட்டிவிட்டு மேலும் பத்து நிமிடம் பேசினார். அன்றைக்கு அவரை நான் தூக்கிப் போட்டபோது கிடைத்த கைத்தட்டலை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

"ஜனங்க ஏற்கனவே யார் மேல கடுப்பா இருக்காங்களோ, அந்த ஆளா போய் நில்லு மச்சான். பாதி வேலை முடிஞ்சிடும்" என்பார்.

மீதிப் பாதிக்கு அவர் பட்ட பாடு யாருக்கும் தெரியாது. வாரக் கடைசியில் எந்தச் சங்கத்தின் ஆண்டுவிழா என்றாலும் அழைப்பில்லாமல் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். நன்றியுரை வரைக்கும் அசைய மாட்டார். ஒருமுறை என்னையும் கிள்ளானில் ஒரு விழாவுக்கு இழுத்துப்போனார். எனக்குத் தூக்கம் சொக்கியது. அவரோ பேச்சாளர் கைக்குட்டையை எந்த இடத்தில் எடுக்கிறார் என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட ஒரே ஆளைக் கண்டு உருகிப்போன அந்தத் தலைவர், கீழே இறங்கி வந்து சேவியருக்கே பொன்னாடை போர்த்திவிட்டார். அதைத்தான் அடுத்த மாதம் ரிங்கில் போட்டுக்கொண்டு வந்தார்.

இத்தனை பேச்சும் மேடையில்தான். வீட்டில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும் என்று கிரேஸ் சொல்வார். ரயில்வே குடும்பத்து மெத்தடிஸ்ட் பிள்ளை. தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தாளம் தப்பிப் பாடுவார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால், உடை மாற்றும் அறையில் எதிராளியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று கேட்பார். சிலர் அம்மாவைப் பற்றிப் பேசாதே என்பார்கள். ஒருவர் தன் வழுக்கையை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள் என்றார். நான் என் திக்குவாயைத் தொடாதே என்றேன். சின்ன வயதிலிருந்தே எனக்குப் 'ப'வில் தொடங்கும் சொல் நாக்கில் மாட்டிக்கொள்ளும். என் பெயரே பரமேஸ்வரன். பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமில்லை. அதனாலேயே நான் ரிங்கில் மைக்கைத் தொடாமல் வெறும் கையால் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

கிள்ளான் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் மைக் என் கைக்கு வந்தது. பதவியை விட்டு இறங்கு என்று நான் சொல்ல வேண்டும். சொல் மாட்டிக்கொண்டது. ப, ப என்று நிற்கிறேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்னால் நகர்ந்து வந்தது.

சேவியர் நாற்காலியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் எடுத்து வைத்தார். நான் மறுபடி முயன்றேன். இன்னோரடி. அவர் முகத்தில் இருந்த பீதியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வாயை விட்டு வெளியே வராத அந்தச் சொல்லுக்கு இந்த மனிதர் இப்படி நடுங்குகிறார் என்றால், அது வந்தால் என்ன ஆகும் என்று மண்டபம் காத்திருந்தது. அவர் மூலைக் கம்பத்தில் முதுகு முட்டி நின்றபோது "பதவி" என்று என் வாயிலிருந்து வெடித்தது. கூடவே அத்தனை பேரும் கத்தினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தொடாதே என்று சொன்னேனே என்று உள்ளே வந்து கேட்டேன். "நான் எங்கடா தொட்டேன்? பயந்தேன், அவ்ளோதான்" என்றார்.

அதற்கப்புறம் என் திக்கலுக்காகவே ஆட்கள் வந்தார்கள். 'ப' என்று எழுதிய அட்டையைப் பிள்ளைகள் தூக்கிப் பிடித்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் பின்வாங்கினார். இதற்கிடையில் என் மனைவி சொல்லி ஓராண்டு பேச்சுப் பயிற்சிக்குப் போனேன். திக்கல் மெல்லக் குறைந்தது.

பிரிக்பீல்ட்ஸ் காட்சியன்று அந்தச் சொல் என் நாக்கில் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு நின்றது. ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். ஆனால் முன்வரிசையில் அட்டைகளைப் பார்த்தேன். கத்துவதற்கு வாயைத் திறந்து காத்திருந்த முகங்களைப் பார்த்தேன். எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. வேண்டுமென்றே திக்கினேன். இழுத்து, நிறுத்தி, தலையை ஆட்டி, என் அவமானத்தை நானே நடித்துக் காட்டினேன்.

சேவியர் என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கீழே போட்டு அதில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பின்வாங்கவே இல்லை. கூட்டம் அரைகுறையாகக் கத்தி அடங்கிப்போனது. புரோமோ செத்துவிட்டது.

கார் நிறுத்துமிடத்தில் அவர் சட்டையைப் பிடித்தேன். கோபத்தில் திக்கல் நிஜமாகவே வந்துவிட்டது. ஒரு வசவைச் சொல்லி முடிக்கவே எனக்கு நெடுநேரம் பிடித்தது. சொல்லி முடிக்கும்வரை அவர் நகராமல் நின்றார். பிறகு, "நான் மேல நின்னு ஆயிரம் பொய் சொல்றேன். மாலை பொய், பதவி பொய். ஆனா நீ திக்கும்போது நான் பயந்தேன் பாரு, அது நெசம். எத்தனை பேர் சிரிச்சாலும் இவன் சொல்லிட்டுத்தான் போவான்னு தெரியும். அதைப் பார்த்தா எனக்கு உண்மையிலேயே பயம் வரும்டா. இன்னிக்கு பயப்பட ஒண்ணுமே இல்ல லா" என்றார்.

ஒரு புரோமோ ஏன் வருஷக்கணக்கில் மனதில் நிற்கிறது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். சூடான வசனம் மறுநாளே ஆறிவிடும். பேசுபவனுக்கு அந்த இடத்தில் நிஜமாகவே ஏதோ கையை விட்டுப் போய்விடலாம் என்று கேட்பவர்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் அவர்கள் அவனை மறக்க மாட்டார்கள். எனக்கு இது புரிந்தது அந்தக் கார் நிறுத்துமிடத்தில்தான். ஆனால் அன்றைக்கு ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. மூன்று மாதம் அவரோடு பேசவில்லை.

அந்த மூன்று மாதமும் ரசிகர் குழுவில் அவரை வறுத்தெடுத்தார்கள். நண்பன் வளர்வதைப் பொறுக்காதவர் என்றார்கள். நான் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் அவரே கூப்பிட்டு, கிள்ளான் வீட்டில் ஏர்கோன் ஒழுகுகிறது, வந்து பார் என்றார். போனேன். தண்ணீர்க் குழாயில் பல்லி செத்து அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, ஏணியிலிருந்து இறங்காமலே, உண்மையைக் குழுவில் எழுதிவிடுகிறேன் என்றேன்.

அவர் ஏணியைப் பிடித்தபடி சொன்னார்: "எழுதாத. எழுதினா இனிமே நீ நெசமா திக்கினாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான். என்னை விடு. கெட்ட பேர் வாங்குறதுதான் மச்சான் என் வேலை. நான் இருக்கிற வரைக்கும் வாயைத் தொறக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. கடைசிவரை நாங்கள் சேர்ந்து ஆடினோம். நிஜமாகத் திக்கியபோதெல்லாம் அவர் பின்வாங்கினார். திக்காத நாளில் நேராகச் சொன்னேன், அதற்கும் பின்வாங்கினார். அவரைத் திட்டியவர்கள் தொடர்ந்து திட்டினார்கள். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

இப்போது அவர் இல்லை. ஆகவே சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் பொய் சொன்னவன் நான். சேவியர் கெடுத்தது ஒரு போலியை மட்டும்தான். அதற்காக என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

இதை எழுதுவதால் எனக்கு என்ன போகும் என்று தெரியும். அடுத்த காட்சியில் மைக்குக்கு முன்னால் நான் திக்கி நிற்கும்போது, இது நடிப்போ என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வர வேண்டிய கெட்ட பெயர் அது; இத்தனை நாளும் அவர் எனக்காகச் சுமந்தார். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொள்வது அதைத்தான்.