அண்ணி திருப்பிய அம்பு

எங்கள் அண்ணிக்கு ஒரே கொள்கை: ஒரு ஆளுக்கு ஒரு வேலை. சாப்பாடு முடிந்ததும் அவர் தட்டைக் கழுவுவார், நான் துடைப்பேன், என் அண்ணன் அலமாரியில் அடுக்குவான். ஒருநாள் அண்ணன் அவசரத்தில் ஈரத்தட்டை அப்படியே அடுக்கிவிட்டான். "துடைக்கறதுக்கு முன்னாடி அடுக்குவாங்களா? வரிசை மாறினா எல்லாமே போச்சு!" என்று அண்ணி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார்.

கருத்தரங்குகளுக்குப் பெயர் அட்டை அச்சிடும் நிறுவனத்தில்தான் அண்ணிக்கும் எனக்கும் வேலை. அண்ணி ரூபி என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறார், நான் அச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறேன். பழைய நிரலை எழுதியவர் எங்கள் மேலாளர். ஒரே ஃபங்ஷன், அதாவது ஒரே கட்டளைத் தொகுப்பு, முந்நூறு வரி, அனுமார் வால். அதைத் தொட எவருக்கும் தைரியமில்லை, எழுதியவர் உட்பட.

அண்ணி அதை மூன்று குட்டி ஃபங்ஷன்களாக்கினார். ஒன்று பெயரின் முன்பின் வெற்றிடத்தை நீக்கும். அடுத்தது பெயரை இருபது எழுத்துக்குள் சுருக்கும். மூன்றாவது, பெயருக்கு முன்னால் பதவியைச் சேர்க்கும். நடுவே இரட்டை அம்புக்குறி போட்டால் ரூபி மூன்றையும் கோத்துவிடும். அம்பு வலப்பக்கம் பார்த்தால் முதலில் இருப்பது முதலில் நடக்கும், இடப்பக்கம் பார்த்தால் கடைசியில் இருப்பது முதலில் நடக்கும்.

மேலாளர் முகம் சுளித்தார். "நாளைக்கு இருநூறு அட்டை. ஒண்ணு தப்பா வந்தாலும் என் ப்ரோக்ராம்தான் ஓடும். நீங்க பழையபடி டைப்பிங்குக்கே போயிடுங்க."

டைப்பிங்கிலிருந்து வெளியே வர அண்ணி நான்கு வருடம் படாதபாடு பட்டவர்.

காலையில் சோதனைக்காக மேலாளரின் அட்டையையே முதலில் அச்சிட்டேன். நீளமான பதவி பந்தாவாக உட்கார்ந்திருந்தது. பெயரைக் காணோம்.

அண்ணி திரையைப் பார்த்தார். கல்லூரிக் கணக்குப் பாடத்தில் ஃபங்ஷன்களை வலப்பக்கத்திலிருந்து செய்துகொண்டு வந்து பழகிய கை. ஃபங்ஷன்களை நேர்வரிசையில் எழுதிவிட்டு, அம்பை மட்டும் இடப்பக்கம் திருப்பியிருந்தது. முதலில் பதவி சேர்ந்து, பிறகு இருபது எழுத்தில் கத்தரி விழுந்து, பின்னால் இருந்த பெயர் வெட்டுப்பட்டிருக்கிறது.

"அண்ணி, ஈரத்தட்டை அடுக்கிட்டீங்க," என்றேன். எத்தனை நாள் காத்திருந்தேன் இதற்கு!

முறைத்துக்கொண்டே இரண்டு அம்புகளையும் திருப்பினார். மறுபடி அச்சிட்டதும் பெயர் வந்துவிட்டது. அதற்குள் மேலாளர் வந்து அந்த முதல் அட்டையைக் கையில் எடுத்தார்.

"என் பேரு எங்க?"

"தப்பு என்னோடதுதான் சார்," என்றார் அண்ணி. "அம்பு திரும்பியிருந்தது. இப்ப சரி பண்ணிட்டேன்."

"சரி பண்ண எவ்வளவு நேரமாச்சு?"

"அரை நிமிஷம் சார்."

"போன வருஷம் இதே தப்புக்கு உங்க ப்ரோக்ராம்ல நாலு நாள் தேடினோம் சார்," என்று நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் காலை மிதித்தார்.

மேலாளர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "உங்களோடதே ஓடட்டும்," என்றார். போகும்போது பெயரில்லாத அட்டையைத்தான் சட்டையில் குத்திக்கொண்டார். பதவி பெரிதாகத் தெரிந்தது பிடித்துவிட்டது போலும்.

வீட்டில் அண்ணனிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சாப்பிட்டதும் அவன் சொட்டச் சொட்ட ஒரு தட்டை எடுத்து, அண்ணியின் கண்ணெதிரே அலமாரியில் வைத்தான்.

அண்ணி எழுந்து வந்தார். தட்டை எடுத்துத் துடைத்து, தானே அடுக்கினார்.