வத்தல் கிட்டங்கியின் எதிர்ச்சுவர்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் சென்னகேசவன் வாத்தியாருக்குத் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை. அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தறிக்குழிப் புழுக்கத்திலிருந்து தப்பிக்கத்தான் படித்து வாத்தியாரானார். வந்து சேர்ந்த இடமோ அதைவிட மோசம். பள்ளியை நடத்திய வெள்ளத்துரை, மிளகாய்வத்தல் மூட்டை அடுக்கிவைத்த தன் பழைய கிட்டங்கியைப் பள்ளிக்கூடமாக ஒதுக்கியிருந்தார். தகரக் கூரை, ஒரே வாசல். ஜன்னல் கிடையாது. வெயில் ஏற ஏறச் சுவரில் ஊறிய வத்தல் நெடி கிளம்பும். பிள்ளைகள் தும்மும், இருமும். மத்தியானத்துக்கு மேல் பாதி வகுப்பு சொக்கிப்போகும். அவருக்கும் தலை கனக்கும்.

ஜன்னல் கேட்டுக் கேட்டு அவருக்கே சலித்துவிட்டது. சண்டைக் காலத்தில் இரும்புக் கம்பிக்கு எங்கே போவது என்பார் வெள்ளத்துரை. வேப்பமரத்தடியில் பாடம் நடத்தியபோது, பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தால் கௌரவக் குறைச்சல் என்று அதையும் நிறுத்தினார்.

பங்குனியில் ஒருநாள் மாரிக்கனி என்ற சிறுமி வாய்ப்பாடு சொல்லும்போதே மயங்கி விழுந்தாள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. வாத்தியார் தேடிப் போனபோது, தாய் பெத்தம்மாளோடு காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க மூச்சு முட்டிக் கெடக்கிறதுக்கு இங்க வெயில்ல நிக்கட்டும் சாமி," என்றாள் பெத்தம்மாள். "காத்தாவது இருக்கு."



ஞாயிற்றுக்கிழமை கடப்பாரை இரவல் வாங்கி, வாசலுக்கு எதிர்ச்சுவரில், ஆள் நுழைய முடியாத அளவில், கூரையை ஒட்டி வரிசையாகத் துவாரங்கள் போட்டார். கையில் கொப்புளம் கண்டது. ஆனால் தகரத்தடியில் தேங்கிய வெக்கை வெளியேற, வாசல் வழியே காற்று உள்ளே வந்தது.

வெள்ளத்துரை வந்து பார்த்தார்.

"யாரக் கேட்டு இடிச்சீக?"

"உங்களத்தான். வந்த நாள்லேர்ந்து கேட்டேன்."

வெள்ளத்துரை உள்ளே சற்று நின்றார். வேட்டி முனை காற்றில் ஆடியது.

"பரீட்சை முடியவும் வேற எடம் பாத்துக்கிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். துவாரங்களை அடைக்க மட்டும் ஆள் அனுப்பவில்லை.

மாரிக்கனி திரும்பி வந்தாள். மத்தியான வேளையிலும் பிள்ளைகள் விழித்திருந்து இரைச்சல் போட்டார்கள். வாத்தியார் அதட்டவில்லை. அத்தனை நாள் அசதியும் சேர்ந்து, நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார்.

பரீட்சை முடிந்ததும் தகரப் பெட்டியோடு, பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் மல்லாங்கிணற்றுக்குக் கிளம்பினார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை இருப்பதாகச் சொன்னார்கள். கட்டடம் எப்படி என்று அவர் விசாரிக்கவில்லை. கடப்பாரை எந்த ஊரிலும் இரவல் கிடைக்கும்.