செத்தவீட்டுப் பந்தலில் கட்டிய பாஸ்வேர்ட்

பிள்ளைகளே, பிழை என்னில்தான் தொடங்கியது. அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

என்னைப் பெற்ற ஐயா செத்தபோது கனடாவில் இருக்கும் என் தமையனால் வர முடியவில்லை. அவர் அங்கிருந்தபடியே பார்க்கட்டும் என்று வீடியோக்காரரைப் பிடித்தோம். அவர் வைஃபை பாஸ்வேர்ட்டைக் கேட்டார். வந்த சொந்தங்களும் கேட்டார்கள். அழுதுகொண்டு எத்தனை பேருக்குச் சொல்வது? ஒரு காட்போட் மட்டையில் பெரிதாக எழுதிப் பந்தல் காலில் கட்டிவிட்டேன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியப் பந்தலைக் கழற்றினோம், மட்டையை எறிந்தோம். பாஸ்வேர்ட்டை மாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சில மாதம் போனது. உயர்தரம் படிக்கும் என் மகளுக்கு இணையத்தில் இரசாயனவியல் சோதனை. இணையம் ஊர்ந்தது, வினாத்தாள் திறக்கவே இல்லை. பேனையைப் பிடித்தபடி ஒரு மணித்தியாலம் இருந்தாள். ஆசிரியர் ‘வரவில்லை’ என்று போட்டுவிட்டார். அடுத்த சனிக்கிழமையும் வராவிட்டால் வகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன் என்றும் செய்தி அனுப்பினார்.

அவள் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

“அப்பா, எங்கடை வீட்டிலை எத்தினை போன்?”

“மூண்டு.”

“இதிலை பதினேழு நிக்குது. ஒண்டு ரீவி.”

எங்கள் ரீவிக்கு இணையமே கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்றைக்கே பாஸ்வேர்ட்டை மாற்றினோம்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் வாசல் படலையில் நின்றார்.

“தம்பி, உம்மடை வைஃபைக்கு என்ன நடந்தது? நேற்றிலையிருந்து நாடகம் ஓடுதில்லை.”

களவு எடுத்தவர் என்னிடமே முறைப்பாடு வைக்கிறார்.

“பாஸ்வேர்ட்டை மாத்திப்போட்டன், அண்ணை.”

“நீர்தானே எல்லாருக்கும் எண்டு எழுதிக் கட்டினனீர்?”

“அது செத்தவீட்டுக்கு.”

“உம்மடை கிணத்திலை நாங்கள் அள்ளினா தண்ணி குறைஞ்சு போகுமே?”

“கிணறு திரும்ப ஊறும். இது மாசத்துக்கு அளந்து வாறது. என்ரை பிள்ளையின்ரை சோதனை போச்சுது.”

“படிக்கிற பிள்ளை புத்தகத்தைப் பாத்துப் படிக்கும்” என்றுவிட்டு நடந்தார்.

நான் அதிகம் படித்தவன் அல்ல. ஆனால் இது எனக்கு விளங்கும்: வாசலில் நின்று தண்ணீர் கேட்பது வேறு, வீட்டுக்குள் குழாய் போட்டு இழுப்பது வேறு.

மாற்றிய அன்றைக்குப் புதிய பாஸ்வேர்ட்டாக எங்கள் தொலைபேசி எண்ணை வைக்கத்தான் நான் பார்த்தேன். “அது இந்த ஒழுங்கையிலை எல்லா வீட்டுக்கும் தெரியுமப்பா” என்று மகள் ஏசினாள். ஒன்றோடொன்று சேராத நாலு சொற்களை அவளே கோர்த்தாள். ரவுட்டருக்குள் நுழைவதற்கென்று கடையிலிருந்து வரும்போதே இருந்த பாஸ்வேர்ட்டையும் மாற்றினாள். நீங்களும் இரண்டையும் மாற்றுங்கள். வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று வைத்து, அவர்கள் போனதும் அதை நிறுத்துங்கள்.

சனிக்கிழமை வினாத்தாள் உடனே திறந்தது. அவள் முழுவதையும் எழுதினாள். வகுப்பில் பெயர் நிற்கிறது. ஆனால் முதல் சோதனைக்கு நேரே இன்னும் ‘வரவில்லை’ என்றுதான் இருக்கிறது. அவள் வந்திருந்தாள்.